கம்பத்தில் தொங்கிய எண்

– ‘அப்பா, அந்தப் பொம்பளைப் பறவை வானத்துல மல்லாந்து காத்துக்கிட்டு இருக்குமே, இனிமே அதுக்கு யாரு சாப்பாடு போடுவா?’ அப்படின்னு கேட்டேன். அப்ப எனக்கு ஆறு வயசு. அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார். நாப்பத்தொரு வருஷம் ஆச்சு ஹெக்டரண்ணே. இன்னும் பதில் வரல.

– ரோனா, அந்தப் பழசை இப்ப எதுக்கு இழுக்கிற?

– வேற எப்ப இழுக்க? காலங்காத்தால ரத்தம் சொட்டுற கையோட வந்து கதவைத் தட்டினீங்க. ‘உங்கப்பா நேத்து வெளிய போனாரா?’ன்னு கேட்டீங்க. கட்டுப் போட்டு விட்டேன். ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பினீங்க. இப்ப மணி பத்து. திரும்பி வந்து என் மேஜையில உக்காந்து ரொட்டியைப் பிச்சுப் பிச்சுத் தட்டுல போடுறீங்களே தவிர, ஒரு துண்டு வாய்க்குப் போகல.

– பாரு, எனக்கே ஒண்ணும் பிடிபடல. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

– நர்ஸ்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க. எங்க வலிக்குது, எப்ப இருந்து வலிக்குது?

– கார்ன் டெராக் குன்று இருக்குல்ல, அங்க வேலி முடியற இடத்துல ஒரு பழைய கம்பம் நிக்குது. அதுல வலிக்குது.

– கம்பத்துலயா?

– கம்பத்து உச்சியில. ஒரு பொறி. அந்தக் காலத்துப் பொறி, பல்லு வெச்சது. பருந்து வந்து உக்காந்தா காலைக் கவ்வும். நம்ம தாத்தன் காலத்துலயே தடை பண்ணது. அதுல ஒரு பூனைப்பருந்து தலைகீழாத் தொங்குது. சாம்பல் நிறம், ஆண். உயிரோட.

– ஐயோ.

– கோட்டைக் கழட்டிச் சுத்திப் பிடிச்சேன். அது சும்மா இருக்குமா? கையைக் கிழிச்சிடுச்சு. அதைக் குத்தம் சொல்ல முடியாது. இங்க கட்டுப் போட்டுக்கிட்டு நேரா மாட்டு டாக்டர் ஓகில்விகிட்ட கொண்டுபோனேன். எலும்பு உடையலையாம். விரல்ல காயம். பத்து நாள்ல பறந்துடும்னு சொன்னார்.

– தேவனுக்கு ஸ்தோத்திரம். அப்புறம் என்ன? பறவை பிழைச்சிடுச்சு.

– பறவை பிழைச்சிடுச்சு. மத்தவங்க பிழைக்கணுமே. அந்தப் பொறியில ஒரு நம்பர் வில்லை தொங்குது ரோனா. இப்பப் புதுச் சட்டத்துல, கீரிக்கு வைக்கிற பொறின்னாலும் வைக்கிறவனோட நம்பரை அதுல மாட்டணும். இதுல மாட்டியிருக்கிறது என்னோட நம்பர்.

– உங்களுதா? நீங்களா வெச்சீங்க?

– நான் வைப்பேனா?

– கேட்டேன். கோவிச்சுக்காதீங்க.

– கோவிக்கல. அந்தக் கேள்வியைத்தான் இன்னைக்கு எல்லாரும் கேக்கப் போறாங்க. நீ முதல் ஆளு, அவ்வளவுதான்.

– சரி, நீங்க வைக்கல. உங்க கையாள் ருவாரி வெச்சிருப்பானோ?

– ருவாரியா? அவன் குழந்தை பிறந்ததுல இருந்து நின்னுக்கிட்டே தூங்குறான். அவனால எலிப்பொறிகூட வைக்க முடியாது. நேத்து மத்தியானம் நீ கடைக்குப் போயிருந்தப்ப, உங்கப்பா எங்க இருந்தாரு?

– ஜன்னல்கிட்ட, இதோ இந்த நாற்காலியில. நான் வரும்போதும் இதுலதான் இருந்தார். ஆனா பூட்ஸ்ல கருஞ்சேறு. மேட்டுச் சேறு.

– ம்.

– கோட்டுப் பையில கறித்துண்டு வேற. பச்சைக் கறி. ஞாயித்துக்கிழமைக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன், அதுல பாதியைக் காணோம். துவைக்கப் போட்டப்பத்தான் நாத்தம் வந்துது. பொறிக்கு இரை வெச்சிருக்கார்!

– கம்பத்துப் பொறிக்கு இரை வேண்டியதில்ல.

– அப்ப எதுக்குக் கறி?

– அதை அப்புறம் பேசலாம். என் வீட்டுக் கொட்டகைக் கதவும் திறந்து கிடந்துது. மேட்டைக் காக்கிற கீப்பரா எனக்கு முன்ன அந்த வீட்டுல இருந்தவர்தானே அவர்? இன்னும் அது தன் வீடுன்னு நினைப்பு. வர்றார், போறார், நானும் பூட்டுறதில்ல. எப்படிப் பூட்டறது, நீயே சொல்லு. வில்லையெல்லாம் ஆணியில கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். ஒண்ணு குறையுது.

– ஆனா உங்க நம்பரை எதுக்கு எடுத்து மாட்டணும்? உங்களை மாட்டிவிடவா?

– அவரா? இல்ல. போன வாரம் நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், ‘நம்பர் இல்லாத பொறி இனிமே சட்டவிரோதம் பெரியவரே’ன்னு. கவனமாக் கேட்டுக்கிட்டார். தலையெல்லாம் ஆட்டினார்.

– கடவுளே. சட்டத்தை மதிச்சிருக்கார்.

– மதிச்சிருக்கார். நூறு வருஷமாத் தடையில இருக்கிற பொறியை எடுத்து, போன வருஷத்துச் சட்டப்படி நம்பர் மாட்டி வெச்சிருக்கார். இதை நான் எந்தப் படிவத்துல, எந்தக் கட்டத்துல எழுதறது?

– சிரிப்பு வருது எனக்கு. சிரிக்கக் கூடாது.

– சிரி. நானும் மலையிலயே ஒரு தடவை சிரிச்சேன். அப்புறம் அந்த நம்பரை இன்னொரு தடவை படிச்சேன்.

– ஜீன்... காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

– முழிச்சிட்டீங்களா அப்பா? நான் ரோனா. அம்மா இல்ல. மேற்கால இருந்து அடிக்குது.

– மேற்கா. அப்ப மழை வரும். இது யாரு? மேனேஜரா?

– ஹெக்டர், பெரியவரே.

– ஹெக்டர் சின்னப் பையன். நீ கிழவன்.

– அதுவும் சரிதான்.

– அப்பா, நேத்து கார்ன் டெராக் போனீங்களா? கம்பத்துல என்ன வெச்சீங்க?

– எங்கப்பா வைக்கச் சொன்னாரு. பன்னெண்டாம் தேதி கிரவுஸ் கோழி சுட துப்பாக்கிக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள, கோழியைத் தின்னுற பருந்து இல்லாம மேடு சுத்தமா இருக்கணும்னாரு. நம்பர் மாட்டிட்டேன். எல்லாம் சட்டப்படி சரியா இருக்கு.

– தாத்தா செத்து அம்பது வருஷம் ஆச்சு அப்பா.

– அப்படியா? யாருமே எனக்குச் சொல்லலையே.

– விடு ரோனா. அவரைக் கேக்காத. டீ இருந்தா ஊத்திக் குடு.

– இந்தாங்க அப்பா, டீ. மெதுவா, சூடு... ஹெக்டரண்ணே, இது இவர்தான். சந்தேகமே இல்ல. இப்ப என்ன ஆகும்?

– பாரு, போன வருஷத்துல இருந்து கிரவுஸ் கோழி சுடணும்னா மேட்டுக்கே லைசென்ஸ் வேணும். பொறி வைக்க எனக்கு ஒண்ணு. ஹெதர் புதரை எரிக்க வேற ஒண்ணு. நாய்க்கு மட்டும்தான் இன்னும் கேக்கல. இந்த மேட்டுல, எங்க ஆளுங்க ஒரு பருந்துமேல கை வெச்சதாத் தெரிஞ்சா, லைசென்சைத் தூக்கிடலாம். நீதிமன்றம் தண்டிக்கணும்னு இல்ல. தெரிஞ்சாப் போதும்.

– தூக்கினா?

– பன்னெண்டாம் தேதி துப்பாக்கிக்காரங்க வர மாட்டாங்க. அடுத்த வருஷமும் வர மாட்டாங்க. முதலாளி லண்டன்ல உக்காந்துக்கிட்டு, மரத்தை நட்டாலும் கரண்ட் காத்தாடியை நட்டாலும் லாபம்னு சொல்லிடுவார். நாங்க நாலு குடும்பம். வேலை போனா வீடும் போச்சு. ருவாரியோட குழந்தைக்கு இன்னும் பேருகூட வைக்கல.

– இது தப்புச் சட்டம்னு சொல்றீங்களா?

– இல்லையே. அதுதானே குழப்பம். சரியான சட்டம். லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து பெட்ரி மேடம் போன மாசம் வந்து அந்த மேட்டுல மூணு பருந்துக் கூடு எண்ணினாங்க. ‘உங்க காவல்லதான் இத்தனை இருக்கு மிஸ்டர் லோகன்’னாங்க. அன்னைக்கு முழுக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்துது. அந்தப் பொம்பளைகிட்ட இப்ப என் நம்பரைக் காட்டணும்.

– அவங்க எப்ப வர்றாங்க?

– பன்னெண்டு மணிக்கு. டாக்டர் வீட்டுல இருந்தே நான்தான் போன் பண்ணேன்.

– நீங்களே பண்ணீங்களா?

– பண்ணேன். பண்ணிட்டு மேனேஜருக்கும் பண்ணேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘உனக்கு என்ன பைத்தியமா? பொறியைத் தூக்கி ஏரியில போட்டுட்டு, பறவை முள்கம்பியில சிக்குச்சுன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே’ன்னார்.

– நீங்க?

– ஏரியில போடுற வேலையில நான் அவ்வளவு ஒழுங்கு கிடையாதுன்னு சொன்னேன்.

– என்ன உளர்றீங்க?

– ஒண்ணுமில்ல. வாயில வந்துது. பொறி அங்கயே இருக்கு, சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கேன். ஒண்ணையும் தொடல. இனி நான் எழுதிக் குடுக்கணும். என்ன நடந்ததுன்னு என் கைப்பட.

– அப்ப எழுதுங்க. நடந்ததை அப்படியே. வால்ட்டர் கெடீஸ், எண்பத்து மூணு வயசு, ஞாபகம் தப்பினவர். முன்ன இங்க தலைமைக் கீப்பரா இருந்தவர், இப்ப உங்க ஆளு இல்ல. உங்க கொட்டகைக்குள்ள கேக்காம நுழைஞ்சார், வில்லையை எடுத்தார், பொறியை வெச்சார். அது உண்மை. எஸ்டேட்டும் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீங்க.

– அவரு?

– என்ன பண்ணிடுவாங்க இவரை? டாக்டர் சீட்டு இருக்கு. மறதி நோய்னு எழுதியிருக்கு.

– போலீஸ் வருமே.

– வரட்டும். டீ குடுப்பேன். அவங்களையும் மேனேஜரான்னு கேப்பார்.

– என்னவோ போ. உனக்குச் சுலபமா வருது.

– சுலபமா? எனக்கா? நான் இன்வர்னெஸ்ல நர்ஸ் வேலையை விட்டுட்டு இங்க வந்து மூணு மாசம் ஆச்சு. இவருக்குச் சட்டை போட்டு விடறேன், கரண்டி பிடிச்சு ஊட்டறேன். தினமும் சாயங்காலம் கர்த்தரே, இவரை நேசிக்க எனக்குச் சொல்லிக் குடும்னு ஜெபம் பண்றேன். கடமை வருது, நேசம் வரல. சின்ன வயசுல இவர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்த மேட்டுல நடப்பேன். ஆண் பருந்து மேல இருந்து இரையை விடும், கீழ பொம்பளைப் பருந்து அப்படியே மல்லாந்து காலால பிடிச்சுக்கும். ‘பாரு, ராத்திரிச் சாப்பாடு வந்துடுச்சு அவளுக்கு’ம்பார். அதே மனுஷன்தான் அந்த ஆண் பருந்தைப் பொறி வெச்சுக் கொன்னார். அதே கம்பத்துல.

– ரோனா...

– கோர்ட்டுல நின்னு ஆமாம், நான்தான்னார். வேலை போச்சு, அந்த வீடு போச்சு, இந்த ஈர வீட்டுக்கு வந்தோம். அதெல்லாம்கூடப் பரவாயில்ல. சபையில மூப்பரா இருந்தவர் கடைசி வரிசைக்குப் போய் உக்காந்துக்கிட்டார். திருவிருந்து அப்பம் வெச்ச தட்டு வரும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பக்கத்து ஆள்கிட்ட தள்ளிவிட்டுடுவார். நாப்பத்தொரு வருஷம் அப்பத்தைத் தொடல. அம்மா சாகும்போதுகூட. அவ்வளவு பெரிய பாவம்னு தெரிஞ்சவர் அதை எதுக்குச் செஞ்சார்?

– அதுக்காக இல்ல.

– எதுக்காக இல்ல?

– அப்பத்தைத் தொடாதது... எனக்கென்ன தெரியும். என்னவோ வாயில வந்துது.

– இன்னைக்கு உங்க வாயில நிறைய வருது. ரொட்டி மட்டும்தான் உள்ள போகல.

– பயலே, நாய்க்குத் தண்ணி வெச்சியா?

– வெச்சேன் பெரியவரே.

– நல்ல பையன் இவன், ஜீன். கை வேகம். புத்திதான் இன்னும் கொஞ்சம் வரணும்.

– வரும் பெரியவரே. வந்துக்கிட்டே இருக்கு.

– ஹெக்டரண்ணே, ஒண்ணு தோணுது இப்ப. அந்த மேடம் பழைய கோப்பை எடுத்துப் பாப்பாங்கல்ல?

– பாப்பாங்க.

– பாத்தா, வால்ட்டர் கெடீஸ், அதே குன்று, அதே கம்பம், அதே மாதிரிப் பொறி, தண்டனைன்னு இருக்கும். அப்ப டாக்டர் சீட்டை யாரு நம்புவா? ‘மறதி இல்ல, பழக்கம்’னுதானே சொல்லுவாங்க?

– ம்.

– அதோட விடுவாங்களா? ‘பழைய ஆளு, பழைய புத்தி, இந்த எஸ்டேட்டே இவரை வெச்சுத்தான் வேலை வாங்குது. நம்பர் வேற கீப்பரோடது’ன்னு மொத்தத்தையும் முடிச்சுப் போடுவாங்க. உங்க நாலு குடும்பமும் போச்சு. இவர் பேரு பேப்பர்ல திரும்பவும் வரும். பரவாயில்லன்னு சொன்னேன்ல? பரவாயில்லாம இல்ல. ஒரு தடவை பள்ளிக்கூடத்துல ‘பருந்துக் கொலைகாரன் பொண்ணு’ன்னு கேட்டாச்சு. சாகப் போற மனுஷனுக்கு அதைத் திரும்பக் கேக்க வைக்கணுமா?

– அதை நான் யோசிக்கல.

– என்ன ஆச்சு? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? கையைக் காட்டுங்க, ரத்தம் வருதா?

– கை சரியாத்தான் இருக்கு. நீ சொல்றது சரி. அந்தப் பழைய கோப்பு இருக்கிற வரைக்கும் இவர் சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க.

– அப்ப என்னதான் பண்றது?

– பேனா இருக்கா?

– ஏரியில போட்டுடலாமா அண்ணே? நான் சொல்லக் கூடாதுதான். ஆனா சொல்றேன்.

– கூடாது. பெட்ரி மேடத்துக்குச் சொல்லியாச்சு. சொல்லாம இருந்தாலும் கூடாது. பேனா குடு. அந்தப் படிவத்தையும் குடு, கோட்டுப் பையில இருக்கு, என் கட்டு உள்ள நுழைய மாட்டேங்குது.

– இந்தாங்க. இது என்ன, இவ்வளவு கட்டம்? ‘பொறியின் வகை. பறவையின் நிலை. உங்களுக்கு எப்போது தெரியவந்தது. இதே இடத்தில் இதற்கு முன் நடந்த சம்பவங்கள் ஏதேனும் தெரிந்தால் எழுதவும்.’

– குடு. நீ அவருக்கு முகம் கழுவி விடு. ஆளுங்க வர்ற நேரம்.

– வாங்கப்பா. தண்ணி வெதுவெதுப்பா இருக்கு. கன்னத்துல ஜாம்... என்ன, இன்னும் எழுதுறீங்களா? ரெண்டாவது பக்கமா? ஒரு பறவைக்கு இத்தனையா?

– இடது கையால எழுதறேன். எழுத்து பெருசு பெருசா விழுது.

– நான் சொல்லச் சொல்ல எழுதியிருக்கலாமே?

– வேண்டாம். என் கைப்படன்னு போட்டிருக்கு. உறை இருக்கா?

– டிராயர்ல இருக்கு. என்ன முடிவு பண்ணீங்க? யாரு மேல எழுதியிருக்கீங்க?

– நடந்ததை எழுதியிருக்கேன். பாரு, நான் மேட்டு வாசல்ல போய் போலீஸ்காரருக்குக் காத்திருக்கேன். அவரைக் கம்பத்துக்குக் கூட்டிப் போகணும். பெட்ரி மேடம் முதல்ல இங்கதான் வருவாங்க, அவரைப் பாக்க. இந்த உறையை அவங்க கையில குடுத்துடு. நீ பிரிக்காத.

– என்கிட்ட என்ன ரகசியம் அண்ணே?

– ரகசியம் இல்ல. நான் வெளிய போனப்புறம் படிக்க வேண்டியது, அவ்வளவுதான். அதுவும் நீ படிக்க வேண்டியது இல்ல, அவங்க. உனக்கு நேர்ல சொல்லத்தான் வந்தேன். ரொட்டி முழுக்கப் பிச்சாச்சு, சொல்ல வரல. இந்த நாப்பத்தொரு வருஷமும் இதே மாதிரித்தான் வந்து வந்து போயிருக்கேன். விறகு கொண்டாந்தேன், கூரையை அடைச்சேன், முயல் உரிச்சுக் குடுத்தேன்.

– நீங்க செஞ்சதையெல்லாம் அம்மா சொல்லிக்கிட்டே இருப்பா. மகன் இருந்தாக்கூட இப்படிச் செய்ய மாட்டான்னு.

– அப்படிச் சொல்லாத. கிளம்பறேன். பெரியவரே, போயிட்டு வர்றேன்.

– காத்துக்கு எதிரா ஏறு பயலே. இல்லேன்னா மான் மோப்பம் பிடிச்சுடும்.

– சரி பெரியவரே.

– தொப்பியை மறந்துட்டீங்க அண்ணே! அண்ணே! ...போயிட்டார். மழை வேற. அப்பா, பார்த்து, கோப்பை, கோப்பை! ஐயோ, பாருங்க என்ன பண்ணிட்டீங்க. டீ முழுக்க உறை மேல.

– ஈரமாயிடுச்சு.

– ஆயிடுச்சுதான். அழாதீங்க, உங்களைத் திட்டல. மை கலைஞ்சிடும். பிரிச்சுக் காய வைக்காம விட்டா எழுதினது ஒண்ணும் மிஞ்சாது. மன்னிச்சுக்கோங்க ஹெக்டரண்ணே. இப்படி அடுப்புப் பக்கத்துல விரிச்சு வைப்போம். ஒரு பக்கம். ரெண்டு பக்கம். என்ன இதுப்பா, உங்க பேரு இத்தனை தடவை...

– யாரு கடுதாசி? எங்கப்பாவா?

– ஹெக்டர். சத்தமாப் படிக்கவா? படிக்கக் கூடாது. ஆனா கண்ணு போயிடுச்சு, இனி எடுக்க முடியல. கேளுங்க. ‘நேற்று கம்பத்தில் பொறி வைத்தவர் வால்ட்டர் கெடீஸ். அவர் எந்த ஆண்டில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. தன் தகப்பனார் சொன்னதாக நினைத்து வைத்தார். வில்லை என்னுடையது. கொட்டகையைப் பூட்டாமல் விட்டது என் தவறு. எஸ்டேட்டில் வேறு யாருக்கும் இது தெரியாது.’

– காத்து எந்தப் பக்கம்?

– மேற்குதாம்ப்பா. இருங்க. அடுத்த கட்டம், ‘இதற்கு முன் நடந்த சம்பவங்கள்.’ ‘நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் இதே கம்பத்தில் ஓர் ஆண் பூனைப்பருந்து இறந்தது. கோப்பில் வால்ட்டர் கெடீஸ் என்று இருக்கும். அது தவறு. அந்தப் பொறியை வைத்தவன் நான்.’

– அப்புறம்?

– அப்புறம்... ‘அவர் தலைமைக் கீப்பர் ஆனதும் முதல் வேலையாக, தன் தகப்பனாருடைய பழைய பொறிகள் ஆறையும் ஏரியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் நான்கைப் போட்டேன். இரண்டை ஒளித்து வைத்தேன். கிரவுஸ் அதிகமானால் என்னைப் பாராட்டுவார் என்று நினைத்து ஒன்றைக் கம்பத்தில் வைத்தேன். போலீஸ் வந்தபோது அவர் என்னைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் வைத்ததாகச் சொன்னார். மற்றொன்று கொட்டகைப் பரணிலேயே கிடந்தது. நான் அதை மறந்துபோனேன். நேற்று அவர் எடுத்தது அதைத்தான். ஆகவே இரண்டு பொறியும் என்னுடையவை.’

– நாலுதான் போட்டானா? ஆறுன்னு சொன்னானே.

– அப்பா.

– படி, படி.

– ‘அதற்குப் பிறகு அவர் திருவிருந்தில் அப்பத்தைத் தொடவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். நீதிபதி முன்னால் பொய் சொன்ன வாய் இது, சொன்ன பொய்க்காக வருத்தப்படவும் என்னால் முடியவில்லை, வருத்தப்படாமல் எப்படித் தொடுவது என்றார். என்னால் அவர் இழந்த எல்லாவற்றிலும் எனக்கு அதுதான் பாரம்.’ அடுத்த வரி கலங்கிடுச்சு... இல்ல, தெரியுது. ‘அந்த ஆண் பறவை இறந்த பிறகு ஆறு வாரம், கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் தினமும் முயல் கறி வெட்டி வைத்து வந்தார். யாருக்கும் சொல்லவில்லை. நான் புதரில் படுத்துப் பார்த்தேன். மூன்று குஞ்சும் பறந்தன. இப்போதும் அவர் கோட்டுப் பையில் கறி இருந்தது என்று அவருடைய மகள் சொல்கிறாள். அது இரை அல்ல. அவளுக்கு நான் அதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. என் லைசென்சையும் வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேரைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹெக்டர் லோகன்.’

– ஏன் அழுவுற?

– நான் கேட்டேன்லப்பா, இனிமே அதுக்கு யாரு சாப்பாடு போடுவான்னு. தொப்பியை மாட்டிக்கிட்டு அங்கதான் போனீங்களா?

– பசியா இருக்கும்ல அதுக்கு. நேத்துகூடப் போனேன். கல்லு மேல வெச்சுட்டு வந்தேன். அந்தக் காயிதத்துல என்ன போட்டிருக்கு? போலீசுக்கா அது?

– ஆமாம்ப்பா. ஹெக்டர் எழுதியிருக்கார். அந்தப் பொறியைத் தான்தான் வெச்சதா.

– கிழிச்சு அடுப்புல போடு ஜீன். பையனுக்கு இன்னும் பதினாறுகூட முடியல.